மேலணைக்கு மேலே: தாமிரபரணித் தண்ணீரும் சோலைக்காடும் காணிக்காரர்களும்

எங்கள் பக்கத்தில் காலையில் பேப்பரை விரிப்பவர்களில் பாதிப் பேர் முதலில் தேடுவது அணை மட்டத்தைத்தான். பாபநாசம் இத்தனை அடி, சேர்வலாறு இத்தனை அடி, மணிமுத்தாறு இத்தனை அடி, நீர்வரத்து இவ்வளவு, வெளியேற்றம் இவ்வளவு. முழு உயரம் முறையே 143, 156, 118 அடி என்பது அம்பை, கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி வட்டாரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் மனப்பாடம். டீக்கடையில் ஒருவர் ‘பாபநாசம் நூறைத் தாண்டிட்டாம்’ என்று சொன்னால் போதும், இந்த வருசம் கார் (ஜூன் மாத முதல் போக நெல்) நடவு உண்டா இல்லையா என்ற பேச்சு அங்கேயே தொடங்கிவிடும்.

அந்தக் கட்டத்துக்குள் இரண்டு செய்திகள் வருவதே இல்லை. அணைக்குக் கீழே மீன் பிழைக்கிற அளவுக்கு ஆற்றில் தண்ணீர் ஓடியதா என்பது ஒன்று. அணைக்கு மேலே, இஞ்சிக்குழியில் குடியிருக்கும் காணிக்காரர் என்னும் பழங்குடிகள் ரேஷன் அரிசி வாங்க அன்றைக்குத் தோணியில் இக்கரைக்கு வர முடிந்ததா என்பது இன்னொன்று.

மலையில் ஒரு நீர்த்திட்டம் என்று பேச்சு எழும்போதெல்லாம் நம் ஊரில் கேள்வி ஒரே மாதிரிதான் வரும். தண்ணீர் முக்கியமா, சோலைக்காட்டுச் சிங்கவால் குரங்கு முக்கியமா? லட்சக்கணக்கான விவசாயிகளா, சில நூறு காணிக்குடும்பங்களா? இந்தக் கேள்வியே தப்பு என்பது என் கருத்து. பொருநை என்கிற தாமிரபரணிக்கு இந்த எண்பது, தொண்ணூறு வருசத்தில் நடந்ததைப் பார்த்தால் ஒரு வரிசை தெரியும். தண்ணீரை முதலில் எடுத்தது மின்சாரமும் பாசனமும். அதனால் காட்டுக்கும் ஆற்றுக்கும் வந்த சேதத்தைச் சரிசெய்யப் பிற்பாடு சட்டங்கள் வந்தன. சட்டம் வந்தபோது, முன்னால் எடுத்தவர்களிடம் யாரும் எதையும் திருப்பிக் கேட்கவில்லை. வரிசையில் கடைசியில் நின்ற காணிக்காரரிடம் போய்க் கேட்டார்கள்.

வற்றாத ஆறு எப்படி வந்தது

தாமிரபரணி சின்ன ஆறு. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும்வரை 130 கிலோமீட்டருக்குள்தான் நீளம். பிறப்பதும் முடிவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. அடுத்த மாநிலத்திடம் போய்க் கையேந்த வேண்டாத ஆறு இது. அந்தக் கொடுப்பினையை நாம் அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இந்த மலைக்குக் கிடைக்கின்றன. நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி என்று மழைக்கணக்கில் அடிக்கடி அடிபடும் பெயர்கள் எல்லாம் மாஞ்சோலைக்கு மேலே இருப்பவை. ஆனால் மழை மட்டும் ஒரு ஆற்றை வற்றாமல் வைத்திருக்காது. மொட்டைப் பாறையில் எவ்வளவு பெய்தாலும் அன்று சாயங்காலமே அது கீழே போய்விடும். சோலைக்காட்டில் பெய்கிற மழை மரத்தின் தலையில் விழுந்து, இலையில் இறங்கி, பாசி, சருகு, மட்கிய மண் என்று ஒவ்வொன்றாக நனைத்த பிறகுதான் ஓடைக்கு வருகிறது. மேலே இருக்கும் புல்வெளிகளும் இதே வேலையைச் செய்கின்றன. சித்திரை வெயிலில் காரையாற்றுப் பாறை இடுக்கில் சலசலவென்று ஓடும் தண்ணீர் பல மாதங்களுக்கு முன்னால் பெய்த மழை. காடு அதைப் பிடித்து வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. பாபநாசம் மேலணைக்கும் மேலே, கணக்கில் எழுதப்படாத ஒரு பெரிய அணை இருக்கிறது என்று சொன்னால் அது மிகையில்லை.

நம் முன்னோர் இந்த ஆற்றில் கட்டியவை அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என்று எட்டு. இவற்றில் திருவைகுண்டம் மட்டுமே பிரிட்டிஷார் காலத்தில், 1870களில், கட்டப்பட்டது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு. பசு நடந்த வழியெல்லாம் கால்வாய் வெட்டி, அது படுத்த இடத்தில் குளம் தோண்டினார்கள் என்பார்கள். கதை எப்படியோ, கட்டிய முறையைப் பார்க்க வேண்டும். ஆற்றின் குறுக்கே தாழ்வான கல்வரிசை போட்டு, தண்ணீரில் ஒரு பங்கைப் பக்கவாட்டில் திருப்பி, மிச்சத்தை மேலே வழிந்தோட விட்டார்கள். வெள்ளம் வந்தால் ஆறு அதன் மேலேயே ஏறிப் போய்விடும். ஒன்றுகூடக் காட்டுக்குள் இல்லை.

1940களில் வந்தது வேறு வகை. மலைக்குள்ளேயே ஆற்றை முழுசாக மறித்து, காரையாற்றில் மேலணை எழுந்தது. பேப்பரில் பாபநாசம் என்று வருவது இதுதான். கொள்ளளவு சுமார் 5,500 மில்லியன் கன அடி. பைக்காரா, மேட்டூருக்கு அடுத்து 1944இல் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1950களின் கடைசியில், காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், மணிமுத்தாறு அணை வந்தது. 1986இல் சேர்வலாறு. இந்த அணைகளைக் குறைசொல்ல நான் வரவில்லை. கார் பருவத்துக்கு ஜூன் மாதத்தில் தண்ணீர் திறக்க முடிகிறது, அடுத்த போகமான பிசானம் தப்பிக்கிறது, தூத்துக்குடி வரைக்கும் குடிக்கத் தண்ணீர் போகிறது என்றால் இந்த அணைகள்தான் காரணம். நான் சாப்பிட்ட சோறும் அந்தத் தண்ணீரில் விளைந்ததுதான். ஆனால் சோறு போட்டது என்பதற்காக, அதற்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று கேட்காமல் இருக்க முடியாது.

பொரி போட்ட மீன்

பாபநாசம் கோவில் படித்துறைக்குச் சின்ன வயதில் ஆச்சி கூட்டிக்கொண்டு போவாள். வாசலில் பொரி வாங்கிக் கொடுத்து, கடைசிப் படியில் உட்காரவைத்து, ஒவ்வொரு கையாகத் தண்ணீரில் தூவச் சொல்வாள். சில நொடிதான். பாறை நிறத்தில் முதுகு தெரியும். அப்புறம் நாலைந்து, அப்புறம் தண்ணீரே கொதிப்பதுபோல மீன்கள் புரளும். ஒருதரம் நான் கையை உள்ளே விட்டு ஒன்றைத் தொடப் பார்த்தேன். ‘ஏல, அது சாமி மீனுல்லா, தொடப்படாது’ என்று ஆச்சி மணிக்கட்டில் ஒரு அடி போட்டாள். எந்தச் சட்டமும் இல்லாமல் அந்தத் துறையில் மீன்கள் பிழைத்தது அப்படித்தான்.

படித்துறையில் நாம் பார்க்கும் பெரிய மீன்கள் ஒரு பக்கம். இந்த ஆற்றைத் தவிர வேறெங்கும் வீடில்லாத சின்ன மீன்களும் உண்டு. அதில் ஒரு கெண்டை வகைக்கு 1954இல் அறிவியல் உலகில் பெயர் வைத்துப் பதிவு செய்தார்கள். அறிவியல் பெயரிலேயே ஆறு இருக்கிறது: டாக்கின்சியா தாம்பிரபர்ணியே. ஆண் மீனுக்கு முதுகுத் துடுப்பிலிருந்து நூல் நூலாக நீண்டு தொங்கும். விரல் நீளம்தான் இருக்கும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அது அழிவுநிலையில் உள்ள இனம்.

அணை இப்படிப்பட்ட மீனை எப்படிப் பாதிக்கிறது? ஆற்று மீன்களில் பல, முதல் மழையில் தண்ணீர் கலங்கி வரும்போது எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறி முட்டையிடும். மதகு வைத்த சுவர் வந்ததும் அந்த வழி அடைபடும். அடுத்தது, மேலணைக்குக் கீழே இருக்கும் கீழணையிலிருந்து மின்நிலையத்துக்குத் தண்ணீர் குழாயில் இறங்குகிறது. எவ்வளவு தண்ணீர் குழாய்க்குள் போகிறதோ, அவ்வளவு இடைப்பட்ட ஆற்றுப்படுகைக்கு இல்லை. மின்தேவைக்கு ஏற்பத் திறந்து மூடும்போது ஆறு ஒரு வேளை புரண்டும் ஒரு வேளை சுருங்கியும் ஓடும். கூழாங்கல் இடுக்கில் ஒட்டியிருக்கும் முட்டைக்கு அது ஒத்துவராது. அதோடு, தேங்கி நிற்கும் தண்ணீரில் திலேப்பியா மாதிரி வெளியூர் மீன்கள்தான் செழிக்கும். ஓடும் தண்ணீருக்குப் பழகிய உள்ளூர் மீன் ஒதுங்கிவிடும். இதற்கெல்லாம் அணையை இடிக்க வேண்டியதில்லை. வறட்சியிலும் ஆற்றில் விட்டே ஆக வேண்டிய குறைந்தபட்ச நீர் இவ்வளவு என்று ஒரு அளவை வைத்து, அதைப் பேப்பரில் அணை மட்டத்தோடு சேர்த்துத் தினமும் போடலாம். முதலில் எடுத்தவர்களிடம் கேட்க வேண்டியது இந்த மாதிரிச் சின்னக் காரியங்களைத்தான்.

மேலே மரத்தில் இருக்கிற சிங்கவால் குரங்குக்கு வருகிற ஆபத்து வேறு விதம். சோலைமந்தி என்றும் சொல்லும் இந்தக் குரங்கு மேற்குத்தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் எங்கும் கிடையாது. நல்ல காட்டில் அது தரையில் இறங்குவதே அபூர்வம். வெடிப்பலா மரத்தின் பூவும் கொட்டையும் அதற்கு முக்கியச் சாப்பாடு. கிளைக்குக் கிளை தாவியே போக வேண்டும் என்பதால், காட்டுக்குள் ஒரு ரோடு, ஒரு மின்கம்பி வழி, ஒரு வாய்க்கால் போதும், அதன் ஊர் இரண்டாகிவிடும். வெட்டிய மரங்களை மட்டும் எண்ணிப் பார்த்து ‘நூறு மரம்தானே’ என்று சொல்வது இந்தக் குரங்கின் விஷயத்தில் சரிவராது. எந்த நூறு மரம் என்பதுதான் கேள்வி. இதே குரங்கின் பெயரைச் சொல்லித்தான் பாலக்காட்டுப் பக்கம் அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் திட்டம் நிறுத்தப்பட்டது. அதற்கும் முன்னாலேயே, 1976இல், களக்காடு சரணாலயம் இந்தக் குரங்கை மனதில் வைத்து அறிவிக்கப்பட்டுவிட்டது. முண்டந்துறை 1962லேயே புலிகள் சரணாலயம். இரண்டும் சேர்ந்து 1988இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆனது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக.

காணி என்ற சொல்

‘காணி’ என்றால் நம் மொழியில் நிலம். காணியாட்சி என்றால் வழிவழியாக வந்த நில உரிமை. காணிக்காரர் என்ற பெயருக்கும் அதுவே பொருள் என்று பலரும் சொல்வார்கள். பெயரிலேயே நிலம் வைத்திருக்கும் மக்கள், காட்டில் தங்களுக்கு உரிமை உண்டு என்று மனு எழுதிக் காட்ட வேண்டி வந்தது.

காரையாறு, சேர்வலாறு, சின்னமயிலாறு, பெரியமயிலாறு, அகஸ்தியர் காணிக்குடியிருப்பு, இஞ்சிக்குழி என்று நம் பக்கத்தில் அவர்கள் இருக்கும் இடங்கள் எல்லாம் ஆற்றையோ அணையையோ ஒட்டியவை. மரச்சீனியும் மிளகும் கிழங்குகளும் போடுவார்கள். தேன், குங்கிலியம் எடுப்பார்கள். ஊர்த்தலைவர் மூட்டுக்காணி. நோய்க்கும் குறைக்கும் கொக்கரையை உரசிக்கொண்டு விடிய விடியப் பாடுவார்கள். கொக்கரை என்பது கையடக்கமான இரும்புக் குழல். பக்கம் பக்கமாக வெட்டு இருக்கும், இரும்புக் கம்பியால் உரசினால் கறகறவென்று ஒரு தாளம் வரும்.

இஞ்சிக்குழி மேலணைத் தேக்கத்துக்கு அப்பால் இருக்கிறது. காரையாறு அணையைத் தோணியில் கடந்து, அப்புறம் காட்டு வழியே நடந்தால்தான் போக முடியும். மழைக்காலத்தில் அணை நிறைந்து காற்று அடித்தால் தோணி நிற்கும். நமக்கு ‘அணை நிரம்பியது’ என்பது நல்ல செய்தி. மணிமேகலை காலத்திலிருந்து நீர் நிறைவை மங்கலமாகவே பார்த்துப் பழகிய மக்கள் நாம். அதே நாளில் அக்கரையில் ஒரு கர்ப்பிணிக்கு வலி எடுத்தால் என்ன செய்வார்கள் என்று யோசிக்க நமக்குத் தோன்றுவதில்லை. கீழே இருப்பவர்களுக்காகத் தேக்கிய தண்ணீர் மேலே இருப்பவர்களுக்கு நடுவில் நிற்கும் கடல்.

அணைக்குப் பின்னால் காப்பகம் வந்தது. புலி, யானை வாழும் இடத்தில் துப்பாக்கியும் கோடரியும் இஷ்டத்துக்குத் திரியக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 1990களில் உலக வங்கி உதவியுடன் காப்பகத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் நடந்தபோது, கிராம வனக்குழுக்கள் அமைத்து, கடனும் மாற்று எரிபொருளும் கொடுத்தார்கள். மக்களை உட்காரவைத்துப் பேசினால் காட்டு விறகுக்கு மாற்று வழி தேட முடியும் என்பது அப்போதே தெரிந்தது. ஆனால் காப்பகத்துக்கு உள்ளேயே தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களின் கதை வேறு. அவர்களுக்கு அங்கே இருப்பதே சலுகை என்று ஆகிவிட்டது.

2006இல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பழங்குடிகளுக்கு நடந்தது ‘வரலாற்று அநீதி’ என்று சட்டத்தின் முகவுரையிலேயே எழுதியிருக்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2007 டிசம்பர் 31. அதே டிசம்பரில்தான் தமிழகப் புலிகள் காப்பகங்களின் மையப்பகுதிகள் ‘புலிகளின் முக்கிய வாழிடம்’ என்று அறிவிக்கப்பட்டன. களக்காடு முண்டந்துறையின் பழைய பரப்பான 895 சதுர கிலோமீட்டர் முழுவதும் அதில் அடங்கியது. உரிமை கொடுக்கும் கதவும் எல்லை போடும் கதவும் ஒரே மாதத்தில் அசைந்தன. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் இன்னொரு தடங்கல்: சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு இடைக்கால உத்தரவால் உரிமைப் பட்டா வழங்குவது நின்று போனது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதை விலக்கிய பிறகுதான் வேலை நகர்ந்தது. எட்டு வருசம். ஒரு சிறுவன் வாலிபனாகிற காலம்.

வேறொரு ஆற்றின் கதை

இந்த வரிசைப் பிரச்சினை நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் அனிமாஸ், லா பிளாட்டா என்ற இரண்டு ஆறுகளின் பெயரில் ஒரு நீர்த்திட்டம் இருக்கிறது. 1968இல் ஒப்புதல் பெற்றது. யூட் பழங்குடிகளுக்கு அந்த ஆறுகளில் மற்ற எல்லாரையும்விடப் பழைய உரிமை உண்டு. ஆனால் தண்ணீர் மற்றவர்கள் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. வழக்கு வேண்டாம், இந்தத் திட்டத்திலிருந்து உங்கள் பங்கைத் தருகிறோம் என்று 1988இல் சட்டம் போட்டு உடன்பாடு செய்தார்கள். இரண்டு வருசத்தில் வனவிலங்குத் துறை ஒரு மீனைக் காட்டியது. கொலராடோ பைக்மின்னோ, அழிவுநிலையில் உள்ள பெரிய ஆற்று மீன். திட்டம் முழுசாக வந்தால் மீன் பிழைக்காது என்றார்கள். 1991இல் ஒரு வரம்பு வந்தது: ஆற்றிலிருந்து வருசத்துக்கு 57,100 ஏக்கர் அடிக்கு மேல் குறையக் கூடாது. நம் கணக்கில் அது சுமார் 2,490 மில்லியன் கன அடி, அதாவது பாபநாசம் மேலணையில் பாதிக்கும் குறைவு.

மீனைக் காப்பாற்றியது சரி. ஆனால் அந்த மீனை நலிய வைத்தது பழைய அணைகளும் பழைய கால்வாய்களும். புதிய வரம்பு வந்து விழுந்தது கடைசியாகத் தண்ணீர் கேட்டவர்கள் தலையில். 2000இல் திட்டத்தைச் சுருக்கிச் சட்டத்தைத் திருத்தினார்கள், பாசனம் நீக்கப்பட்டது. அணை கட்டி, 2011இல் ஏரியும் நிறைந்தது. யூட் மக்களின் பெயரில் ஏரியில் தண்ணீர் இருந்தது. அதை அவர்கள் நிலத்துக்குக் கொண்டுபோகும் குழாய் சுருக்கிய திட்டத்தில் இல்லை. பழங்குடி உரிமையும் மீனின் உயிரும் ஒன்றுக்கொன்று எதிரி என்று அங்கே ஊர் முழுக்கப் பேச்சு. இரண்டுக்கும் முன்னால் எடுத்தவர்கள் அந்தப் பேச்சில் வரவே இல்லை.

நம் மலையிலும் இப்போது இதே சாயலில் ஒன்று நடக்கிறது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் மணிமுத்தாற்றின் நீர்ப்பிடிப்பில் இருக்கின்றன. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 8,374 ஏக்கர் 99 வருசக் குத்தகைக்குப் போய், 2028இல் முடிகிறது. 2018இல் காப்புக்காடாகவும் அறிவித்தாயிற்று. அந்த மேடுகளில் சோலை திரும்ப வந்தால் ஆற்றுக்கும் சோலைமந்திக்கும் நல்லதே. நான் அதை மனதார விரும்புகிறேன். ஆனால் நாலைந்து தலைமுறை அங்கே கொழுந்து பறித்தவர்கள் பழங்குடிகள் அல்ல என்பதால் வன உரிமைச் சட்டத்தில் அவர்கள் நிற்கும் தரை இன்னும் மெல்லியது. தோட்டத்தின் லாபத்தில் பங்கில்லாதவர்கள் காட்டை மீட்கும் செலவில் மட்டும் பங்கு கொடுக்கிறார்கள்.

சட்டம் ஏற்கெனவே சொல்வது

சட்டத்தைப் படித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, சரணாலயத்துக்குள் வரும் அல்லது வெளியே போகும் தண்ணீரைத் திருப்பவோ, நிறுத்தவோ, கூட்டவோ கூடாது என்கிறது. தலைமை வனஉயிரினக் காப்பாளர் அனுமதி தரலாம். ஆனால் அந்த மாற்றம் அங்குள்ள விலங்குகளின் நன்மைக்கே தேவை என்று மாநில அரசு, வனவிலங்கு வாரியத்தோடு கலந்து முடிவு செய்திருக்க வேண்டும். உள்ளூர் மக்கள் குடிக்கவும் வீட்டுக்கும் எடுக்கும் தண்ணீரைத் தவிர, ‘ஊருக்குத் தண்ணீர் வேண்டும்’ என்பது அந்தப் பிரிவில் காரணமே இல்லை. புலிகள் காப்பகத்துக்கு இன்னொரு பூட்டும் உண்டு. பொதுநலன் என்று சொல்லி நிலத்தை வேறு காரியத்துக்கு மாற்ற வேண்டுமானால் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் ஆலோசனையும் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும்.

வன உரிமைச் சட்டம் இன்னொரு பக்கத்திலிருந்து அதே இடத்துக்கு வருகிறது. ஆற்றிலும் குளத்திலும் மீன் முதலானவற்றை எடுக்கும் சமூக உரிமை அதில் உண்டு. 5ஆவது பிரிவு, காட்டையும் வனவிலங்கையும் நீர்ப்பிடிப்பையும் நீர் ஆதாரங்களையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே கொடுக்கிறது. அதாவது காணிக்குடியிருப்பின் கிராம சபை, பாபநாசம் அணைக்கு மேலே இருக்கும் காவல்காரர். விலங்கைக் காப்பதும் பழங்குடி உரிமையும் எதிரெதிர் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஒடிசாவின் நியாம்கிரி மலையில் சுரங்கம் வேண்டுமா என்று கிராம சபைகளையே கேளுங்கள் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, கேட்ட பன்னிரண்டு சபைகளும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை.

கவலைக்கு இடமும் இருக்கிறது. வனநிலத்தை மாற்றும் முன்பே கிராம சபையின் ஒப்புதல் வேண்டும் என்று 2009இல் மத்திய அரசே சுற்றறிக்கை விட்டிருந்தது. 2022இல் வந்த புதிய விதிகளில் அந்த ஒழுங்கு மாறி, மத்திய அரசு அனுமதி கொடுத்த பிறகு மாநில அரசு உரிமைகளைத் தீர்த்துக்கொள்ளட்டும் என்று ஆனது. வரிசையில் மறுபடியும் கடைசி இடம். முடிவானதற்குப் பிறகு கேட்கிற சம்மதத்துக்குப் பெயர் சம்மதம் இல்லை, தகவல்.

கீழேயே இருக்கிற தண்ணீர்

மேலே கை வைக்காமல் தண்ணீருக்கு என்ன வழி என்று கேட்பவர்களுக்கு கூந்தன்குளத்தைக் காட்டுவேன். நாங்குநேரிப் பக்கம், மணிமுத்தாறு அணையின் கால்வாய்த் தண்ணீரில் நிறையும் குளம். 1994இல் பறவைகள் சரணாலயம் ஆனது. ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வர்ண நாரையும் கூழைக்கடாவும் வீட்டு வாசல் மரத்தில், ஆட்டுக்கொட்டிலுக்கு மேலே கூடு கட்டும். குஞ்சு கீழே விழுந்தால் எடுத்து வளர்ப்பார்கள். எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரம். கால்வாயில் தண்ணீர் திறக்கவில்லை என்றால் அந்த வருசம் கூடும் இல்லை. அணைத் தண்ணீர், பாசனம், பறவை, ஊர் நான்கும் ஒரே மதகில் சேர்கின்றன. நீர்த்திட்டம் என்றாலே உயிருக்குக் கேடு என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சாட்சி கிடையாது.

ஆனால் எத்தனை குளம் அப்படி இருக்கிறது? உள்வாயில் சீமைக்கருவேலம், மடையில் ஓட்டை, வரத்துக்காலில் ஆக்கிரமிப்பு, மறுகால் ஓடை தூர்ந்து கிடக்கிறது. கடைமடைக்காரர் தண்ணீர் வரவில்லை என்று மனு கொடுக்கிறார்; நாம் மலையைப் பார்க்கிறோம். அணைகளுக்குள் நாற்பது முதல் எண்பது வருச வண்டல் கிடக்கிறது. அதில் எவ்வளவை எடுக்க முடியும், எடுக்கும்போது காட்டுக்குள் எத்தனை லாரி ஓடும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது புதிய அணைக்கு வரைபடம் போடுவதற்கு முந்தின வேலை.

தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புத் திட்டத்தைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இருப்பது இதனால்தான். 2009இல் 369 கோடி ரூபாய் மதிப்பில் தொடங்கி, நிலமெடுப்பும் தாமதமும் சேர்ந்து ஆயிரம் கோடியைத் தாண்டிய திட்டம் அது. அந்தத் தாமதத்தை நியாயப்படுத்த முடியாது. ஆனால் அது காட்டைத் தொடாமல், கன்னடியன் கால்வாயிலிருந்து வெள்ளநீரை மட்டும் சுமார் 75 கிலோமீட்டர் எடுத்துக்கொண்டு சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டு வறட்சிக்குக் கொண்டுபோகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய பெருமழையைப் பார்த்தவர்களுக்கு, வெள்ளத்தில் ஒரு பங்கைத் திருப்புவதன் அவசியம் புரியும். ஒரு பங்கைத்தான். ‘கடலில் வீணாகிறது’ என்று நாம் சொல்லும் தண்ணீர் புன்னைக்காயல் கழிமுகத்தில் அலையாத்தியையும் அங்கே வலை போடும் மீனவரையும் வாழவைக்கிறது. அவர்களும் ஆற்றின் பங்காளிகள்.

களக்காடு, கடையம் அடிவாரத்தில் வாழை போட்டிருப்பவர்களின் கோபத்தையும் சொல்லாமல் விட முடியாது. ராத்திரி யானை வந்து போனால் காலையில் தோட்டம் இருக்காது. காட்டுப்பன்றியின் கதையைச் சொல்லவே வேண்டாம். அவர்களுக்குப் பயிர்ச்சேத இழப்பீடு அலைக்கழிக்காமல் கைக்கு வராதவரை, சோலைமந்தியைப் பற்றிப் பேசுகிறவர்களை அவர்கள் நம்பப் போவதில்லை. அதில் தப்பும் இல்லை.

வன உரிமைச் சட்டத்தின் 3ஆவது பிரிவில் இரண்டாவது உட்பிரிவு ஒன்று உண்டு. காட்டுக்குள் இருக்கும் குடியிருப்புக்குப் பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், சிறு குளம், சிறு வாய்க்கால், மழைநீர்த் தொட்டி போன்ற பதின்மூன்று வசதிகளை அரசு செய்து கொடுக்கலாம் என்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. இதற்கு டெல்லி போக வேண்டியதில்லை, வாரியம் கூட வேண்டியதில்லை. கிராம சபை ஒரு தீர்மானம் போட்டுப் பரிந்துரைத்தால், வனக்கோட்ட அலுவலர் அளவிலேயே முடிந்துவிடும். மலையில் அடுத்து எந்த நீர்த்திட்டத்தைப் பற்றிப் பேசுவதாக இருந்தாலும், பேசுவதற்கு முன்னால் இஞ்சிக்குழியிலும் மயிலாற்றிலும் சேர்வலாற்றிலும் இந்தத் தீர்மானங்கள் எத்தனை போடப்பட்டன, எத்தனை குழாயில் தண்ணீர் வருகிறது என்று கேட்டு வாங்க வேண்டும். அணை மட்டத்துக்குக் கீழே அதற்கும் பேப்பரில் ஒரு வரி இடம் இருக்கிறது.